முன் சக்கரம் ஒரு நூல் உள்ளே

காரு ரிப்பேருன்னா இஞ்சினுதான்னு நெனைக்கிறவுக நெனைச்சுக்கிட்டே இருக்கட்டும், ஒரு காரோட யோக்கியதை அதோட முன் சக்கரம் ரெண்டும் ஒண்ணையொண்ணு எப்பிடிப் பாத்துக்கிட்டு ஓடுதுங்கிறதுலதான் இருக்கு.

யுத்த காலத்துல தூத்துக்குடியில இருந்தவன் கதை சொல்ல உக்காந்துட்டான்னதும் நீங்க என்ன எதிர்பாக்கியன்னு எனக்குத் தெரியும். சிப்பியப் பொளந்தா புறாமுட்டை தண்டிக்கு முத்து இருந்துச்சு, ஜப்பான்காரன் குண்டு போட வந்தான், கப்பல்ல இருந்து ஒரு வெள்ளக்காரி எறங்கி நேரா எங்கிட்ட வந்தா. இப்பிடித்தான ஏதாவது? முத்தும் கெடையாது, குண்டும் கெடையாது, வெள்ளக்காரி சுத்தமாக் கெடையாது. நா சொல்லப்போறது டை ராடு. எந்திரிச்சுப் போறவுக போகலாம். மிச்சம் இருக்கவுக ஒண்ணு ஸ்பானர் பிடிச்சவுகளா இருக்கும், இல்ல ஸ்பானர் பிடிச்சவங்கிட்ட காரக் குடுத்துட்டு வாசல்ல தவிச்சு நின்னவுகளா இருக்கும். வாங்க, நாம எல்லாரும் ஒரே கூட்டம்.

தெரியாதவுகளுக்கு ஒரே ஒரு விளக்கம். பழைய காருல முன் சக்கரம் ரெண்டும் நேரா இருக்கிறாப்புல தெரிஞ்சாலும், மூக்குப் பக்கம் கொஞ்சம் உள்ள திரும்பி இருக்கணும். எம்புட்டு? ஒரு நூல். தச்சன் சொல்லுத அதே நூல்தான், இஞ்சுல எட்டுல ஒண்ணு. ரெண்டு டயர்லயும் சாக்பீசால கோடு போட்டு, முன்பக்கம் கோட்டுக்குக் கோடு கம்பு வச்சு அளக்கணும். அப்பறம் கார அரைச்சுத்து உருட்டி, அதே கோடு பின்பக்கம் வந்ததும் திருப்பி அளக்கணும். முன்னால ஒரு நூல் கம்மியா இருந்தா சரி. ரெண்டு சக்கரத்தயும் சேத்துப் பிடிச்சிருக்கிற கம்பிக்குப் பேருதான் டை ராடு, அத முறுக்கித்தான் இத சரி பண்ணணும். கூடிப்போனாலும் கொறஞ்சுபோனாலும் டயர ரோடு தின்னுரும். சாஸ்திரம் அம்புட்டுதான். மத்ததெல்லாம் மனுசங்க.

வக்கீலய்யா பாடுன பாட்டு

ஸ்ரீவைகுண்டத்துல இருந்து ஒரு வக்கீலய்யா வருவாரு. நெத்தி நெறைய திருமண், கக்கத்துல கொடை. கோர்ட்டுல மணிக்கணக்காப் பேசுறவரு, காருல என்ன கோளாறுன்னு கேட்டா வாய் வராது. யாரும் பாக்காங்களான்னு சுத்திமுத்தும் பாத்துட்டு, எங் காதுகிட்ட வந்து, "கிரீச்… டொக்கு"ன்னாரு. எனக்கு இதுல ஒரு வியாதி உண்டு. யாரு ஒரு சத்தத்தக் காட்டுனாலும் எந் தொண்டை சும்மா இருக்காது. எண்ணெ காஞ்ச சத்தம், போல்ட்டு லூசான சத்தம், முன் சக்கரம் திரும்புற முளையில, அதான் கிங் பின்னுல, புஷ்ஷு தேஞ்ச சத்தம், மூணையும் வரிசையா எடுத்து விட்டேன். பெருமாள் சன்னிதியில நிக்கிற மாதிரி கண்ண மூடிக் கேட்டாரு. மூணாவது வந்ததும் "அதேதான், அதேதான்"னு எங் கையப் பிடிச்சுக்கிட்டாரு. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்த ஆட்டிப் பாத்தா, சொல்லி வச்சாப்புல கிங் பின் புஷ்ஷு போயிருக்கு.

புஷ்ஷ மாத்தி, நூலு பாத்து, கார அனுப்பிட்டேன். அவரு தெருமுனை தாண்டுறதுக்குள்ள ஒர்க்‌ஷாப்பே என்னச் சுத்திக் கூடிருச்சு. விடுவேனா? வக்கீலய்யா கொரல்லயே காருக்காக ஜட்ஜுகிட்ட வாதாட ஆரம்பிச்சேன். "கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரருக்கு இடது கால் மட்டும் வலிக்கிறது…" எல்லாரும் வயித்தப் பிடிச்சுச் சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே சிரிப்பு ஒவ்வொண்ணா அணையுது. திரும்பிப் பாக்கேன், மறந்து வச்ச கொடைய எடுக்க வந்தவரு எம் பின்னால நிக்காரு. கோவிக்கல. ரொம்ப வருத்தத்தோட கேட்டாரு: "ஏன்யா, வாதமெல்லாம் நன்னாத்தான் இருக்கு, நிஜமாவே நான் இவ்வளவு மூக்காலயா பேசறேன்?"

அதாவது கேளும்

எங்க முதலாளிக்கு மூக்குப்பொடி ஒரு கண்ணு, அவரு காரு ஒரு கண்ணு. பொடியால கொரல் எப்பவும் பானைக்குள்ள இருந்து வாறாப்புல வரும். எதச் சொன்னாலும் முன்னால ஒரு செருமல், அப்பறம் "அதாவது கேளும்". இந்த ரெண்டும் இருந்தாப் போதும், மிச்ச முதலாளிய நா தயார் பண்ணிருவேன். அவரு காரோ, ஷெட்டு மூலையில துணி போத்தி நிக்கும். ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போயிட்டு வரும், அவ்வளவுதான். டயரு நாலும் கடையில இருந்து எறங்குன மாதிரி மினுமினுன்னு இருக்கும். வேட்டி நுனியால அதுகளத் தொடச்சு விடுறது அவருக்கு ஒரு பூசை.

ஒருநா அவரு கொரல்ல பக்கத்துக் கொல்லனக் கூப்பிட்டேன். அவன் சுத்தியலோட ஓடியாந்து "என்ன முதலாளி"ன்னு நிஜ முதலாளிகிட்டயே போயி நின்னுட்டான். அன்னைக்கு அவரு என்னத் தனியாக் கூப்பிட்டாரு. நல்லாப் பொடி போட்டாரு, செருமுனாரு, அப்பறம் சொன்னாரு: "அதாவது கேளு சொடலை, இன்னொருக்க எங் கொரல எடுத்தியன்னா, அன்னைக்கே ஸ்பானரக் கீழ வச்சுட்டு நடையக் கட்டிரு."

தங்கவேல் அண்ணாச்சியோட கடைசி ஜோடி

தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் வாடகைக் காரு ஓட்டுனவரு தங்கவேல் அண்ணாச்சி. துணிக்கூரை போட்ட பழைய காரு. குடும்பமே அந்தக் காருலதான் ஓடுச்சு. யுத்தம் வந்ததும் பெட்ரோலுக்குக் கூட ஏதோ வழி பண்ணிக்கிட்டாங்க, டயருக்கு வழி கெடையாது. இருக்கிற டயரு பட்டாளத்துக்குப் போவுது. அண்ணாச்சிகிட்ட இருந்த முன் டயரு ரெண்டுந்தான் கடைசி ஜோடி. அது போச்சுன்னா யுத்தம் முடியிற வரைக்கும் காரக் கல்லு மேல ஏத்தி வச்சிரணும், அண்ணாச்சி கருப்பட்டி மூட்டை தூக்கப் போகணும்.

ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு பள்ளத்துல காரு எறங்கி ஏறுனதுல இருந்து டயரு ஒரு தினுசாத் தேயுதுன்னு வந்து நின்னாரு. டயரு மேல உள்ளங்கைய வச்சு இப்பிடித் தடவுனேன், பூனை முதுகு. அப்பிடித் தடவுனேன், அரம். உங்களுக்குத் தெரியும், அது நூலு கெட்ட அடையாளம். டை ராடு பள்ளத்துல வளைஞ்சு போயிருக்கு. நா தடவத் தடவ அவரு எம் மூஞ்சியையே பாக்காரு, வைத்தியன் நாடி பிடிக்கும்போது தாய் பாக்குமே அதுமாதிரி. கடைசியில மெதுவாக் கேட்டாரு: "ஏலே சொடலை, பொழைக்குமா?"

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

டை ராட நிமித்தி மாட்டி, அளந்து, முறுக்கி, திருப்பி அளந்து, ஒரு நூல் அச்சா உள்ள வச்சேன். அப்பிடி ஒரு நூலு நீங்க பாத்திருக்க மாட்டிய. அண்ணாச்சிக்குத் திருப்தியில்ல. நா சொன்னா நம்ப மாட்டாராம், முதலாளி வாக்குக் குடுக்கணுமாம். முதலாளி பின்வாசல் வழியாச் சோத்துக்குப் போயிட்டாருன்னு அவருக்குத் தெரியாது. நா டை ராடுக்கு ஒரு பின்னு தேடி முதலாளி உக்காருத தகரத் தடுப்புக்குப் பின்னால குனிஞ்சு கெடக்கேன். வெளியில இருந்து அண்ணாச்சி கூப்பிடுதாரு: "முதலாளி, இருக்கியளா? காரு நேரா ஓடும்னு ஒரு வார்த்தை சொல்லும்."

சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன பண்ணுவிய? எனக்குத் தொண்டை அரிச்சுது. முதலாளி நாக்காலியில சாஞ்சுக்கிட்டேன். ஒரு செருமல். "அதாவது கேளும். இனிமே அது ஒரு பக்கம் இழுத்துதுன்னா, எங் காரு முன் டயரு ரெண்டயும் நீரே கழட்டிக்கிடும்." நேரம் பாத்து ஒரு பொடி உறிஞ்சலும் வச்சேன். வாசப்படியில, தோணிக்குக் கப்பி ரிப்பேர் பண்ண வந்த சந்தியாகு தண்டல் உக்காந்திருந்தாரு. கொழும்புக்குத் தோணி ஓட்டுற ஆளு. அவரு உக்காந்த இடத்துல இருந்து தடுப்புக்கு முன்னாலயும் தெரியும், பின்னாலயும் தெரியும். அவருக்குச் சிரிப்புல நெஞ்சு குலுங்குது. நா வாயில வெரல வச்சுக் காட்டுனேன்.

சுத்திக்கிட்டு வெளிய வந்து, நாந்தான் அண்ணாச்சின்னு சொல்லிச் சிரிக்கலாம்னு நெனைச்சேன். வந்து பாத்தா அண்ணாச்சி தகரத்தப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்காரு, கண்ணு கலங்கியிருக்கு. அதுக்குமேல எப்பிடிச் சொல்ல? என் தோளத் தட்டிட்டுச் சொன்னாரு: "ஏலே, ஒம் முதலாளி மாதிரி வாக்குக் குடுக்கிற ஆம்பள இந்த ஊர்லயே கெடையாதுலே."

கடலு கூப்பிடுது

ஆனி மாசம் பெறந்து கச்சான் காத்துப் புழுதிய வாரி அடிக்க ஆரம்பிச்சுது. அண்ணாச்சி காரோட பழைய துணிக்கூரை கிழிஞ்சு தொங்குச்சு, புதுத் துணிக்கு யுத்த காலத்துல எங்க போக? கடக்கரையில பழைய சாமான் கடையில துணி வாங்கிக் கூரையும் தச்சு, பயணிக மேல புழுதி அடிக்காம ரெண்டு பக்கமும் திரையும் தச்சு விட்டுட்டாரு. ஏறுறவுக மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் ஏறணும், அம்புட்டு மீனெண்ணெ வாடை. அண்ணாச்சிக்கு அதுல ஏகப் பெருமை.

பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கல. காரு இழுக்குதுன்னு வந்துட்டாரு. எந்தப் பக்கம்னு கேட்டேன். திருச்செந்தூருக்குப் போவும்போது இடது பக்கம், திரும்பி வரும்போது வலது பக்கம்னாரு. ஒரு காரு ஒரு பக்கம் இழுக்கும், நா பாத்திருக்கேன். போவும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் இழுக்கிற கார நீங்க யாராவது பாத்திருக்கியளா? கொஞ்சம் யோசிச்சுப் பாத்தேன். போவும்போது இடது பக்கம் இருக்கிறது கடலு. வரும்போது வலது பக்கம் இருக்கிறதும் கடலு.

மறுநா காலையில ஷெட்டு தெறந்ததும் நா தனியா எடுத்துட்டுப் போனேன். எட்டி எட்டிச் சக்கரத்தப் பாக்கணுமே, அதனால திரைய ரெண்டு பக்கமும் சுருட்டிக் கட்டிட்டு ஓட்டுனேன். கைய விட்டுட்டு ஓட்டுனேன். நூலு பிடிச்சாப்புல நேராப் போவுது, நேரா வருது. சாயந்தரம் அண்ணாச்சி ஆளுகள ஏத்திக்கிட்டுப் போனா, கடலப் பாத்து ஓடுது. அந்தக் கார முதல்ல வச்சிருந்தது கப்பல் கம்பெனி தொரை ஒருத்தரு, ஊருக்குக் கப்பலேறிப் போனவரு என்ன ஆனாருன்னு தெரியல, காரு அவரத் தேடிப் போவுதுன்னு பஜார்ல பேச்சாயிருச்சு. நா நூல அளந்து காட்டுனேன், கம்ப அண்ணாச்சி கையிலயே குடுத்து அளக்கச் சொன்னேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. அண்ணாச்சி கம்பத் திருப்பிக் குடுத்துட்டுச் சொன்னாரு: "சக்கரத்த நீ பாத்துட்ட, சரி. கடல யாருலே பாக்கது?"

ஆப்பு

சேதி முதலாளி காதுக்குப் போச்சு. அவரு தொரைக் கதையெல்லாம் நம்புற ஆளில்ல. முன் அச்சுக்கும் அதத் தாங்குற வில்லுப் பட்டைக்கும் நடுவுல, ஒரு பக்கம் மட்டும், ஒரு இரும்பு ஆப்பு வைக்கச் சொன்னாரு. இடது பக்கம் இழுக்கிற கார வலது பக்கம் திருப்புற வைத்தியம், எல்லாரும் பண்ணுறதுதான். வச்சேன். திருச்செந்தூருக்கு அண்ணாச்சி ராசா மாதிரி நேராப் போயிருக்காரு. உற்சாகத்துல கோயில் வாசல்ல எல்லாருக்கும் சுக்குத்தண்ணி வாங்கிக் குடுத்திருக்காரு. திரும்பி வரும்போது காரு முன்ன இழுத்ததுக்கு ரெட்டிப்பாக் கடலுக்குத் திரும்பியிருக்கு. ஒரு செட்டியாரு காரு ஓடும்போதே கதவத் தெறந்து குதிக்கப் பாத்தாராம். ஆப்ப அன்னைக்கே உருவிட்டேன்.

எனக்கு அதுக்குமேல பயம் கடலு மேல இல்ல. அண்ணாச்சி ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் நேரா மூலைக்குப் போயி, முதலாளி காரு மேல போத்துன துணியத் தூக்கி, முன் டயரு ரெண்டயும் தடவிப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. இப்பிடி ஒரு தடவல், அப்பிடி ஒரு தடவல். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி. ஒருக்கா எங்கிட்ட வந்து இது எந்த அளவு ஸ்பானருலே கழலும்னு கேட்டாரு. முதலாளியோ பூரிச்சுப் போயிட்டாரு. என்னக் கூப்பிட்டு மெல்லச் சொன்னாரு: "அதாவது கேளு, தங்கவேலு ரசிகன்லே. எங் காரு டயரக் கண்ணெடுக்காமப் பாக்கான்."

முள்ளக்காட்டு ரோட்டுல

கடைசியில அண்ணாச்சி வந்து, முதலாளியே காருல ஏறிப் பாக்கட்டும், இழுத்தா வாக்குப்படி நடக்கட்டும்னு ஒரே முடிவா நின்னுட்டாரு. முதலாளி "என்ன வாக்கு?"ன்னு கேக்க வாயெடுத்தாரு. நா சட்டுன்னு இஞ்சின முடுக்கி விட்டேன். கேட்டது கேக்கல. அன்னைக்கு எங் கையப்போல வேகமா ஹாண்டில் சுத்துன கை இந்த ஜில்லாவுலயே இருந்திருக்காது.

முள்ளக்காட்டுக்குப் போற உப்பளத்து ரோடு. ரெண்டு பக்கமும் உப்புப் பாத்தி, ஒரு மரம் கெடையாது. மத்தியானம், கச்சான் ஊதித் தள்ளுது, புழுதிக்குப் பயந்து திரைய எல்லாம் எறக்கிக் கட்டியாச்சு. அண்ணாச்சி ஓட்டுதாரு, பக்கத்துல முதலாளி, பின்னால நா. வேகம் எடுத்ததும் முதலாளி ஸ்டியரிங்கில இருந்து கைய எடும்னாரு. அண்ணாச்சி எடுத்தாரு. கடவுள் சாட்சியாச் சொல்லுதேன், காரு ஒரு குலுங்கு குலுங்குச்சு, யாரோ தோளு குடுத்துத் தள்ளுனாப்புல இடது பக்கம் நகருது, நகருது, அண்ணாச்சி பிடிக்கதுக்குள்ள ரோட்ட விட்டு எறங்கி, இடது முன் சக்கரம் உப்புப் பாத்தி வரப்புல தொங்கிக்கிட்டு நின்னுருச்சு. ஒரு சாண் தாண்டியிருந்தா கீழ கூராங்கல்லு. கடைசி ஜோடியில ஒண்ணு அங்கனயே கிழிஞ்சிருக்கும்.

அண்ணாச்சி எறங்கி டயரப் பிடிச்சுக்கிட்டு வரப்புல உக்காந்துட்டாரு. அழுகையும் வருது, கோவமும் வருது. முதலாளிக்கு மூக்குப்பொடி எடுக்கக் கை ஓடல. அப்பத்தான் ரோட்டோரமா நடந்து வந்துக்கிட்டு இருந்த ஒரு ஆளு, இடுப்புல கைய வச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்காரு. யாருன்னு பாத்தா, சந்தியாகு தண்டல். கிட்ட வந்து, காரோட வலது பக்கத்துத் திரையில ஒரு பெரிய ஒட்டுத் துணியத் தட்டிக் காமிச்சாரு. காத்து நெறைஞ்சு அது பிள்ளத்தாச்சி வயிறு மாதிரி பொடைச்சுக்கிட்டு நிக்கி. அந்த ஒட்டு அவரு கையால தச்சதாம். அது அவரு தோணிப் பாய்மரத்துல இருந்து கழிச்சுப் போட்ட பாயாம். "அண்ணாச்சி, மேல எம் பாயக் கட்டி வச்சுக்கிட்டுக் கீழ சக்கரத்தக் கொற சொல்லுதியளே. கச்சான் கரையில இருந்து கடலப் பாத்து அடிக்கி. பாயி கட்டுனது வேற எங்க போவும்?"

எனக்கு அப்ப வந்த சந்தோசத்தச் சொல்லி முடியாது. ஓடிப்போயித் திரைய ரெண்டு பக்கமும் அவுத்துச் சுருட்டுனேன். கார ரோட்டுல ஏத்தித் தள்ளி, முதலாளியவே ஓட்டச் சொன்னேன். போயிட்டு வந்தாரு. முன்ன மாதிரித் தள்ளல, சொன்ன பேச்சுக் கேக்குது. நா டயரத் தடவுனேன், இப்பிடியும் பூனை, அப்பிடியும் பூனை. ஒரு மயிரு தேயல. எந் நூலு, எந் நூலுன்னு நா குதிக்கேன். அண்ணாச்சி என்னக் கட்டிப் பிடிச்சாரு, முதலாளி தண்டலுக்குத் தன் பொடி டப்பாவையே நீட்டுனாரு. நா வக்கீலய்யா கொரல்ல தீர்ப்பு வாசிச்சேன், தொரை கொரல்ல காருக்கு டாட்டா சொன்னேன், தண்டல் கொரல்ல தண்டலுக்கே கச்சான் பாடம் நடத்துனேன். அந்த உப்பளத்துல அப்பிடி ஒரு சிரிப்ப யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

சிரிச்சு முடிச்சுட்டு அண்ணாச்சி பெரிய மனசோட, முதலாளி, ஒம்ம டயரு எனக்கு வேண்டாம், வாக்குல இருந்து ஒம்ம விடுவிச்சுட்டேன்னாரு. முதலாளி முழிக்காரு. வே, நா எப்ப அப்பிடிச் சொன்னேன்னாரு. தகரத் தடுப்புக்குப் பின்னால இருந்து சொன்னீரே, செருமிட்டுச் சொன்னீரேன்னு அண்ணாச்சி சொல்லுதாரு. நா பொய் சொல்லுதேன்னு சொல்லுதீரான்னு அண்ணாச்சிக்கு மொகம் செவக்குது. நா சக்கரத்துகிட்டக் குனிஞ்சு, இறுகிக் கெடந்த நட்ட ரொம்ப அக்கறையாத் திருப்பி இறுக்க ஆரம்பிச்சேன். முதலாளி ஒரு செருமு செருமுனாரு. "அதாவது கேளும்…"ன்னாரு.

அந்தக் கொரலக் கேட்டதும் தண்டலுக்குத் திரும்பவும் நெஞ்சு குலுங்க ஆரம்பிச்சுது. அவரு மனசுல ஒரு கள்ளமும் கெடையாது. என்னக் கையக் காட்டி, முதலாளியப் பாத்து, மூணு பாத்திக்குக் கேக்கிற மாதிரிச் சொன்னாரு: "ஏ முதலாளி, இந்தச் சொடலைப் பய அன்னைக்கு ஒம்ம நாக்காலியில சாஞ்சுக்கிட்டு இதே கொரல்லதான் அந்த டயரத் தூக்கிக் குடுத்தான், நா வாசப்படியில இருந்து பாத்தேன், ஆனா நீரு பேசுறதவிட அவன் பேசுனதுதான் ஒம்மளப் போலயே இருந்துச்சு."

ஸ்பானர அந்த வரப்புலயே கீழ வச்சுட்டு ஊருக்கு நடந்து வந்த வழியெல்லாம் எனக்குத் தோணுனது ஒண்ணுதான்: ஒரு நூல் உள்ள இழுத்து வச்சிருக்க வேண்டியது முன் சக்கரம் மட்டும் இல்ல, நாக்கும்தான்.